நாள் முழுக்கக் கசியுற பிள்ளைக்கு வயித்தோட்ட மருந்து குடுக்கலாமா? (முள்ளந்தண்டுப் பிளவு, மலவாசல் குறைபாடு: மட்டக்களப்பு, அம்பாறை)

வவுணதீவுத் தொண்டர்

எல்லாருக்கும் வணக்கம். படுவான்கரையில ஒரு வீட்டுக்காகக் கேக்கிறன். பெண்பிள்ளை, 8 வயசு, 18 கிலோ. முள்ளந்தண்டுப் பிளவோட, அதாவது முதுகெலும்பு சரியா மூடாம, பிறந்தது. முதுகில ஒப்பரேசன் முடிஞ்சு, தலைக்குள்ள சேருற தண்ணியை வயித்துக்கு வடிக்கிற சண்ட் குழாய் வைச்சிருக்கு. காலுக்குப் பட்டி போட்டு ஊன்றுகோலோட நடக்கும்.

நாள் முழுக்கக் கொஞ்சங் கொஞ்சமா, தண்ணியா மலம் கசியுது. தாய் அதை வயித்தால போறது எண்டு நினைச்சு லோப்பிரமைட் வாங்கிக் குடுக்கிறா. பள்ளிக்கூட நாளில காலைச் சாப்பாடும் குடுக்கிறதில்ல. தினமும் பம்பஸ் வாங்க வசதி இல்ல, துணிதான் கட்டுறது. பக்கத்தில இருக்கிற பிள்ளைகள் மணக்குது எண்டு சொல்ல, இப்ப பிள்ளை வகுப்புக்கே போறதில்ல. வீட்டில கிணறு இருக்கு, குந்துற மலசலகூடம் இருக்கு. இவ்வளவையும் வைச்சு என்ன செய்யலாம்?

கல்முனைத் தாதி

முதல் வேலையாக லோப்பிரமைட்டை நிறுத்தச் சொல்லுங்கள், தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வயிற்றோட்டம் இல்லை. கடுமையான மலச்சிக்கல்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கும் மலவாசல் தசைக்கும் போகிற நரம்புகள் சரியாக வேலை செய்யாது. மலம் நிறைந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது, முக்கித் தள்ளவும் பலம் போதாது, வாசலும் இறுக மூடாது. பழைய மலம் உள்ளே கட்டியாகி நிற்க, மேலேயிருந்து வருகிற தண்ணி மலம் அதன் ஓரத்தால் வழிந்து துணியில் படுகிறது. லோப்பிரமைட் அந்தக் கட்டியை இன்னும் இறுக்கிவிடும். பட்டினி போடுவதாலும் பயன் இல்லை. கசிவது இன்றைக்குச் சாப்பிட்டது அல்ல, முந்தைய நாட்களில் தேங்கியது.

பிள்ளையைப் படுக்க வைத்து இடது அடிவயிற்றை மெதுவாகத் தடவிப் பாருங்கள். உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டால் கட்டி இருக்கிறது. தட்டுப்படாவிட்டாலும் இல்லையென்று முடிவெடுக்க முடியாது, வயிற்று எக்ஸ்றேயில்தான் சரியாகத் தெரியும்.

இது மணத்தோடு முடிகிற பிரச்சினையும் இல்லை. வீங்கிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், சிறுநீர் முழுசாக வடியாது, கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வரும். சண்டின் கீழ்முனை வயிற்றுக்குள்தான் இருக்கிறது. மலச்சிக்கல் கடுமையானால் அந்த வடிகாலும் மந்தமாகலாம். தலையிடி, வாந்தி, நித்திரை மயக்கம் மூன்றில் ஒன்று இருந்தாலும் குடல் கதையை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வழி இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரு தரம், மலவாசலால் உப்புத் தண்ணி விட்டுப் பெருங்குடலின் கீழ்ப்பகுதியை முழுசாகக் கழுவி வெறுமையாக்குவது, அதாவது எனிமா. வெறுமையான குடலில் அடுத்த நாள் அதே நேரம் வரைக்கும் கசிய ஒன்றும் இருக்காது. ஆனால் பழைய கட்டியோடு இதைத் தொடங்கினால் தோல்விதான். முதலில் கிளினிக்கில் காட்டி, கட்டியை வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். முதல் தடவை தாதி ஒருவர் முன்னால் தாய் தன் கையாலேயே செய்து பழக வேண்டும்.

வாழைச்சேனை உம்மா

வவுணதீவுத் தம்பி, தண்ணி கலக்கிறதில ஆக்கள் விடுற பிழைதான் பெரிசு. அதைச் சொல்லித் தாறன்.

ஒரு லீற்றர் தண்ணிக்கு 9 கிராம் உப்பு. தூள் உப்பெண்டால் தேக்கரண்டியில தட்டி மட்டப்படுத்தி ஒண்டரை. கல்லுப்பைக் கரண்டியால அளக்கவே வேணாம், கல்லுக்குக் கல் அளவு மாறும். ஒருக்கா கடையில டிஜிட்டல் தராசில 9 கிராம் நிறுத்து, வீட்டுக் கரண்டியில அது எவ்வளவு வருதெண்டு பார்த்து வைங்க. பிறகு அந்தக் கரண்டியை வேற ஒண்டுக்கும் எடுக்காம உப்புப் போத்தலுக்குள்ளேயே போட்டு வைக்கலாம். தேக்கரண்டிக்குப் பதிலா மேசைக்கரண்டியால போட்டா உப்பு மூண்டு மடங்கு. அது ரத்தத்தில ஏறினா பிள்ளைக்கு வலிப்பு வரும். உப்பே இல்லாத வெறுந்தண்ணியும் ஆபத்துத்தான், குடல் உறிஞ்சி ரத்தத்தில உப்புக் குறைஞ்சு அதுக்கும் வலிப்பு வரும்.

கடற்கரை ஊர்க் கிணறுகள் கனக்க உவர். அந்தத் தண்ணியில உப்புக் கணக்குப் பிழைக்கும். குடிக்க எடுக்கிற தண்ணியையே கொதிக்க வைச்சு ஆற விடுங்க. கலக்கினதை அடுத்த நாளைக்கு வைக்காம மிச்சத்தை ஊத்திடுங்க.

சூடு கவனம். முழங்கையைத் தண்ணிக்குள்ள வைச்சுப் பார்த்தா சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. இந்தப் பிள்ளைக்கு உள்ளுக்குச் சுட்டாலும் தெரியாது, அழாது. அதால தாய்தான் பார்க்கோணும்.

கல்லாறு

முந்தியெல்லாம் சவர்க்காரத் தண்ணிதானே ஏத்துவாங்க? பாமசியில ரெடிமேட் எனிமாப் போத்தலும் இருக்கு. அது லேசு இல்லையா?

கல்முனைத் தாதி

வேண்டாம் அண்ணன், இரண்டுமே வேண்டாம். உடுப்புச் சவர்க்காரம் குடலின் உள்தோலை அரித்துப் புண்ணாக்கும். ரெடிமேட் போத்தல்களில் பல பொஸ்பேற் உள்ளவை. அவற்றைத் தினமும் போட முடியாது. 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும், சிறுநீரகம் பழுதான பிள்ளைக்கும் ஒரு தரம்கூடப் போடக் கூடாது. பொஸ்பேற் ரத்தத்தில் ஏறினால் கல்சியம் விழுந்துவிடும். முள்ளந்தண்டுப் பிளவிலும் மலவாசல் குறைபாட்டிலும் சிறுநீரகக் கோளாறு கூடவே வருவது அதிகம். ஆகவே டொக்டர் எழுதித் தராமல் அதைத் தொட வேண்டாம்.

உப்புத் தண்ணி மட்டும் போதாமல் போனால், அதே தண்ணியில் 10 மில்லி கிளிசரின் கலந்து பார்க்கலாம். அதுவும் டொக்டரிடம் கேட்டுத்தான்.

அளவுக்கு வருகிறேன். கிலோவுக்கு 20 மில்லி. 18 கிலோப் பிள்ளைக்கு 360 மில்லி. முதல் நாளே முழுவதையும் விடாமல் பாதியில் தொடங்கி, சில நாட்களில் அந்த அளவுக்குக் கூட்டுங்கள்.

கருவிக்குப் பெரிய செலவு இல்லை. வெளிநாட்டு நீரேற்றுக் கருவிகளின் விலை நம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. 60 மில்லி சிரிஞ் ஒன்று வாங்குங்கள், ஊசி மாட்டுகிற சிறுமுனை உள்ளது அல்ல, கதீற்றர் (மலவாசலால் உள்ளே விடுகிற மெல்லிய குழாய்) மாட்டுகிற நீண்ட கூம்பு முனை உள்ளது. அதன் தண்டை உருவி எடுத்துவிட்டால் அது புனல். கூம்பு முனை கதீற்றரின் வாயில் இறுக்கமாக உட்காரும். ஆறு தரம் நிரப்பினால் 360 மில்லி. தண்டைப் போட்டு அழுத்தித் தள்ளவே கூடாது. தண்ணி தன் பாரத்தில்தான் இறங்க வேண்டும்.

பொத்துவில் நானா

தண்டை உருவிட்டுப் புனலாப் பிடிக்கிறது சரி. ஆனா மலவாசல் தளர்ந்த பிள்ளைக்கு ஊத்துற தண்ணி அப்பிடியே வெளியில வந்து பாயெல்லாம் நனையும். கனபேர் இந்த இடத்தில "இது எங்களுக்குச் சரிவராது" எண்டு விட்டுடுறாங்க. அடைப்பு வேணும்.

குழந்தைப் பால்போத்தலின் சூப்பி ஒண்டு எடுங்க, சிலிக்கோன் சூப்பி. நுனியைக் கத்தரிக்கோலால கொஞ்சம் வெட்டி, கதீற்றரை அகன்ற பக்கத்தால விட்டு நுனியால வெளியில எடுங்க. இறுக்கமா இருக்கணும், லூசா இருந்தா தண்ணி அந்த ஓட்டையாலயே வரும். நுனிக்கு வெளியில ஒரு 8 சென்டிமீற்றர் கதீற்றர் நிக்கட்டும். கதீற்றர் உள்ள போனதும் சூப்பியின் கூம்பு மலவாசலில வந்து குந்தும். தண்ணி இறங்கிற நேரம் முழுக்க அதை மெல்லக் கையால அழுத்திப் பிடிச்சுக்கொள்ளணும்.

கல்முனைத் தாதி

நானா சொன்னதுதான் முதல் தெரிவு. பலூன் வைத்த போளி கதீற்றரை ஊதி அடைப்பதும் வழக்கத்தில் உள்ளதுதான், ஆனால் உணர்வில்லாத பிள்ளைக்கு பலூன் அளவுக்கு மீறினால் குடல் கிழிகிறது என்பதே தெரியாது. கிளினிக்கில் அளவு சொல்லிக் காட்டித் தந்தால் மட்டும் பலூன். வெளியே எடுக்கும்போது முதலில் பலூன் தண்ணியை முழுசாக உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியம். முள்ளந்தண்டுப் பிளவுள்ள பிள்ளைகளுக்கு றப்பர்ப் பாலுக்கு ஒவ்வாமை வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளை விட மிக அதிகம். சாதாரண மஞ்சள் நிறப் போளி கதீற்றர் றப்பர்தான். மேலே சிலிக்கோன் பூசியது என்று எழுதியிருந்தாலும் உள்ளே றப்பர். முழுச் சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள். கையுறையும் அப்படித்தான்: வினைல் அல்லது நைற்றிரைல். பிறந்தநாள் பலூனும் வீட்டுக்குள் வேண்டாம். வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ சாப்பிட்டால் உதடு கடிக்கிறது, தடிக்கிறது என்று பிள்ளை சொன்னால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இவற்றுக்கும் றப்பர் ஒவ்வாமைக்கும் தொடர்பு உண்டு.

செய்முறை இதுதான். இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் தொடங்குங்கள். வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரம் நமக்கு உதவி. பாயில் பிளாஸ்டிக் விரித்துப் பிள்ளையை இடது பக்கமாக, முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்கள். கதீற்றர் நுனியில் ஜெல் பூசி மெதுவாக விடுங்கள். தட்டினால் தள்ளாதீர்கள், கொஞ்சம் பின்னுக்கு எடுத்துச் சிறிது தண்ணி விட்டுப் பார்க்கலாம். அப்போதும் போகவில்லை என்றால் கட்டி நிற்கிறது, அன்றைக்கு நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் காட்டுங்கள். புனலைப் பிள்ளைக்கு மேலே இரண்டடிக்குள் பிடியுங்கள். மொத்தமும் இறங்க 5 முதல் 10 நிமிசம். வயிறு முறுக்கினால், வியர்த்தால், முகம் வெளுத்தால் புனலைத் தாழ்த்தி நிறுத்துங்கள். பெரும்பாலும் தண்ணி குளிர்ந்திருக்கும், இல்லாவிட்டால் வேகம் கூடியிருக்கும். முழுவதும் இறங்கிய பிறகு 10 நிமிசம் அப்படியே பிடித்து வைத்துவிட்டு எழுப்பி இருத்துங்கள். 30 முதல் 45 நிமிசம் வரைக்கும் விட்டு விட்டு வரும். முதல் தடவை வந்ததும் முடிந்துவிட்டது என்று எழுப்பிவிடுவதால்தான் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கசிகிறது.

ரத்தம் வந்தால், வயிறு பலகைபோல் இறுகினால், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

மட்டு பிசியோ

இருத்துங்கள் என்று சொல்லிவிட்டோம், எங்கே இருத்துவது? குந்துகிற மலசலகூடத்தில் இந்தப் பிள்ளையால் முடியாது. கால் தாங்காது, விழும்.

கைபிடி உள்ள பிளாஸ்டிக் கதிரை ஒன்று எடுத்து, இருக்கையின் நடுவில் முட்டை வடிவில் ஓட்டை வெட்டுங்கள். ஏழு அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம் போதும். பெரிதாக வெட்டினால் 18 கிலோப் பிள்ளை உள்ளே இறங்கிவிடும். வெட்டின விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு அங்குலத் தடிப்பு ஸ்பொன்ச் வைத்து, ரெக்சின் சுற்றி ஒட்டுங்கள். சைக்கிள் ரியூப் சுற்றுகிற வழக்கம் உண்டு. இந்தப் பிள்ளைக்கு அது கூடாது, தாதி மிஸ் சொன்ன அதே காரணம்தான். கதிரையை மலசலகூடக் குழிக்கு மேலே வையுங்கள். கால் வழுக்காமல் இருக்க நான்கு காலுக்கும் கீழே பழைய சாக்கு மடித்து வைக்கலாம்.

பாதம் தொங்கக் கூடாது. கல்லோ பலகையோ வைத்து, முழங்கால் இடுப்பை விடச் சற்று உயரமாக வருகிற மாதிரிப் பாருங்கள். உடம்பை முன்னுக்குச் சாய்த்து, கைபிடியில் ஊன்றி, பலூன் ஊதுகிற மாதிரிப் புறங்கையில் வாயை வைத்து ஊதச் சொல்லுங்கள். வயிற்றுத் தசை இறுகி மலம் தள்ளப்படும். தாய் பிள்ளையின் வயிற்றில் வலது கீழ்ப்பக்கத்தில் தொடங்கி, மேலே, குறுக்கே, இடது பக்கம் கீழே என்று உள்ளங்கையால் தடவிவிடலாம்.

தோலைப் பாருங்கள். பிள்ளைக்குப் பின்பக்கம் உணர்வில்லை. ஒவ்வொரு 10 நிமிசத்துக்கும் கைபிடியில் ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும். எழும்பியதும் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் கழித்தும் சிவப்பு போகவில்லை என்றால் ஸ்பொன்ச் போதாது.

திருக்கோவில்

முள்ளந்தண்டுப் பிளவில்லாம, மலவாசலே இல்லாமப் பிறந்து ஒப்பரேசன் செய்த பிள்ளைக்கும் இதே முறையா? இன்னொரு கேள்வி: ஒப்பரேசனுக்குப் பிறகு வாசலை விரிக்கிற கம்பி கிடைக்காட்டி மெழுகுதிரி பாவிக்கலாமா?

குழந்தைச் சத்திரசிகிச்சை வாட்டு

ஒரே முறை எல்லாருக்கும் பொருந்தாது. மூன்று கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது முள்ளந்தண்டுப் பிளவு, அதற்கான முறை மேலே சொன்னதுதான்.

இரண்டாவது மலவாசல் குறைபாடு: 1982 இல் பெனாவும் டி வ்ரீஸும் விவரித்த, பின்பக்கத்தால் நடுக்கோட்டில் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைதான் இன்று பரவலாகச் செய்யப்படுகிறது. அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு கிழமையில் சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்துத்தான் விரித்தல் தொடங்கும். ஒரு நாளைக்கு இரண்டு தரம், கிழமைக்கு ஒரு இலக்கம் கூட்டுவது. போய்ச் சேர வேண்டிய அளவு வயதைப் பொறுத்தது: 1 முதல் 4 மாதத்துக்கு 12, 4 முதல் 8 மாதத்துக்கு 13, 8 முதல் 12 மாதத்துக்கு 14, 1 முதல் 3 வயதுக்கு 15. இந்த இலக்கம் கம்பியின் விட்டம், மில்லிமீற்றரில். கம்பி கிடைக்காத நாடுகளில் மெழுகுதிரியைச் செதுக்கிப் பாவிப்பது உண்டு. செய்வதானால் விட்டத்தை அளவுகோலால் அளந்து, நுனியை உருட்டி மழமழப்பாக்கி, நிபுணரிடம் காட்டி ஒப்புதல் எடுத்த பிறகுதான். கண்மதிப்பில் எடுத்த மெழுகுதிரி வாசலைக் கிழிக்கும், கிழிந்த இடம் ஆறும்போது இன்னும் சுருங்கும். விரிப்பதை இடையில் விட்டாலும் சுருங்கும். அதன் பின்னால் வருகிற மலச்சிக்கலை எந்த எனிமாவும் தீர்க்காது.

இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உணர்வு ஓரளவு உண்டு. 3 வயதளவில் சாப்பாட்டுக்குப் பின் இருத்திப் பழக்கி, தேவைப்பட்டால் மலமிளக்கி கொடுத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடம் போகும் வயதிலும் கட்டுப்பாடு வரவில்லை என்றால் மேலே சொன்ன எனிமா. இந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு பிரிவு இருக்கிறது: பழைய முறைச் சத்திரசிகிச்சையில் மலக்குடலின் தேக்கும் பகுதி போய்விட்ட பிள்ளைகள். இவர்களுக்குத் தேங்குவதில்லை, உண்மையிலேயே வேகமாக ஓடிவிடும். இவர்களுக்குத்தான் லோப்பிரமைட்டும், சோறு, வாழைப்பழம், பாண் மாதிரி இறுக்குகிற உணவும், குறைந்த அளவு எனிமாவும் பொருந்தும். எந்தப் பிரிவு என்பதை வயிற்று எக்ஸ்றேயும் சத்திரசிகிச்சைக் குறிப்பும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது ஹிர்ஷ்ஸ்பிறங் நோய், குடலில் நரம்புக் கணுக்கள் இல்லாமல் பிறப்பது. பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் முதல் மலம் போகாத பிள்ளையை உடனே காட்ட வேண்டியது இதற்காகத்தான். இவர்களுக்குத் தண்ணியை உள்ளே விட்டுப் பிடித்து வைக்கக் கூடாது. மென்மையான, அகன்ற குழாயால் 10 அல்லது 20 மில்லி விட்டு, அதே அளவு வெளியே வந்த பிறகுதான் அடுத்தது. தெளிவாக வரும் வரைக்கும் இப்படியே. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எழுதி வையுங்கள், வெளியே வராமல் நின்றால் நிறுத்துங்கள். காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றத்தோடு பீறிட்டு வருகிற மலம், சோர்வு: இது குடல் அழற்சி, சில மணித்தியாலத்தில் உயிருக்கே ஆபத்தாகும். சத்திரசிகிச்சை முடிந்து வருசங்கள் போனாலும் வரலாம். விடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள்.

வவுணதீவுத் தொண்டர்

மிச்சம் நன்றி. தாயோட கதைச்சிட்டன், கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறம். தொடங்கின பிறகும் கசிஞ்சா தண்ணியைக் கூட்டுறதா, குறைக்கிறதா?

கல்முனைத் தாதி

துணியில் என்ன படுகிறது என்று பாருங்கள். எனிமா முடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மங்கலான தண்ணி வந்தால், விட்ட தண்ணியே மிச்சமாக வருகிறது. இன்னும் கொஞ்ச நேரம் இருத்துங்கள். அடுத்த நாள் பகலில் மலமாகவே பட்டால் குடல் முழுசாக வெறுமையாகவில்லை. தண்ணியைக் கொஞ்சம் கூட்டலாம், அல்லது கிளிசரின். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி மூன்று நாள் பாருங்கள். கொப்பியில் நேரம், அளவு, எவ்வளவு நேரம் இருந்தது, துணியில் என்ன பட்டது என்று எழுதி வைத்தால் கிளினிக்கில் அந்தக் கொப்பிதான் முக்கியமான ஆவணம். எக்ஸ்றே எடுக்கச் சொன்னால் எனிமா முடிந்த பிறகு எடுக்கக் கேளுங்கள். வெறுமையாகிறதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

சரியாக அமைய ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். முதல் சில நாட்கள் பள்ளிக்கூட விடுமுறையில் வருகிற மாதிரித் தொடங்குவது நல்லது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று மீண்டும் கசியத் தொடங்கினால், அதோடு நடையும் தளர்ந்தால், முதுகு நோவு வந்தால் அளவை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். முள்ளந்தண்டு நாண் கீழே ஒட்டி இழுபடலாம், டொக்டர் பார்க்க வேண்டும்.

வாழைச்சேனை உம்மா

சாப்பாடு ஒண்டும் நிப்பாட்ட வேணாம். காலையில கட்டாயம் குடுங்க. சிவப்பரிசி, குரக்கன், பருப்பு, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் நல்லம், ஆனா தண்ணி குடிக்காத பிள்ளைக்கு நார்ச்சத்தை மட்டும் கூட்டினா கட்டி இன்னும் பெரிசாகும்.

எங்கட பக்கம் நோன்பு பிடிக்கிற வயசுப் பிள்ளை எண்டால் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு எனிமாவை வைங்க. நேரம் கொஞ்சம் மாறினாலும் மாசம் முழுக்க ஒரே நேரமா இருந்தாச் சரி.

மண்டூர்

கார்த்திகை, மார்கழி வெள்ளத்தையும் யோசிங்க. குருமண்வெளிப் பாதை (வாவியைக் கடக்கிற படகு) ஓடாட்டியும், றோட்டுக்கு மேல தண்ணி போனாலும் பாமசிக்குப் போகேலாது. குழியும் நிரம்பிடும். மழைக்கு முந்தியே இரண்டு கிழமைக்கு வேண்டிய ஜெல், பாவிக்காத ஒரு கதீற்றர், ஒரு சூப்பி, ஒரு சிரிஞ் எல்லாத்தையும் மூடி உள்ள வாளியில போட்டு உயர வைங்க. வெள்ளத்தில மூழ்கின கிணத்துத் தண்ணியை உப்புக் கலக்க எடுக்க வேணாம். அந்த நாட்களுக்கு பாமசியில விக்கிற 500 மில்லி சேலைன் போத்தல் நாளைக்கு ஒண்டு கணக்கில வாங்கி வைச்சாப் போதும், அதுக்கு உப்புப் போடத் தேவையில்ல, இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள போத்தலை வைச்சுச் சூடாக்கினால் சரி. குழி நிரம்பினா அதே ஓட்டைக் கதிரைக்குக் கீழ வாளி வைக்கலாம்.

வவுணதீவுத் தொண்டர்

கடைசியா ஒண்டு மிஸ். கதீற்றரை ஒவ்வொரு நாளும் புதுசா வாங்கணுமா? அந்த வீட்டால ஏலாது.

கல்முனைத் தாதி

தேவையில்லை. இது சிறுநீருக்குப் பாவிக்கிற கதீற்றர் அல்ல, அதோடு மாறிப் போகாமல் இதில் வேறு நிற நூல் ஒன்று கட்டி வையுங்கள். பாவித்ததும் சவர்க்காரத் தண்ணியில் உள்ளும் புறமும் கழுவி, சிரிஞ்சால் நல்ல தண்ணி விட்டு அலசி, நிழலில் தொங்கவிட்டுக் காய வையுங்கள். வெயிலில் வேண்டாம். சூப்பியையும் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், கூம்புக்குள் அழுக்கு நிற்கும். சிலிக்கோன் பிசுபிசுத்தால், வெடித்தால், மணம் போகாமல் நின்றால் மாற்றுங்கள். ஒரு பிள்ளையின் கதீற்றரை இன்னொரு பிள்ளைக்குப் பாவிக்கக் கூடாது, சகோதரமாக இருந்தாலும்.

அந்தத் தாய் இன்னொரு பிள்ளைக்கு யோசிப்பதாக இருந்தால், கருத்தரிக்கிறதுக்கு முன்னமே உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லி டொக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளந்தண்டுப் பிளவோடு ஒரு பிள்ளை பிறந்த தாய்க்குச் சாதாரண போலிக் அமில அளவு போதாது, 4 முதல் 5 மில்லிகிராம் வேண்டும், அதுவும் கருத்தரிக்க ஒரு மாதமாவது முந்தி தொடங்க வேண்டும்.